வெறி இல்லாத இனவெறி

மும்பையில் பொறியியல் படிக்கும் ஒரு தம்பி கேட்டது இது: "அமெரிக்காவில் அடிமை முறை ஒழிந்து 150 வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. சட்டத்தின் முன் எல்லோரும் சமம். ஒபாமா எட்டு வருஷம் அதிபராகவே இருந்துவிட்டார். இன்னும் 'அமைப்பு சார்ந்த இனவெறி' என்று பேசுகிறார்களே, அது நிஜமா, சும்மா ஒரு பேச்சா? கெட்ட எண்ணம் உள்ள நாலு பேர் எங்கேயும் இருப்பார்கள். அமைப்பு என்ன செய்யும்?"

நிஜம்தான் தம்பி. நீங்கள் குழம்பியதற்குப் பாதிக் காரணம் அந்தத் தமிழ்ச் சொல். 'வெறி' என்றதும் நமக்கு என்ன ஞாபகம் வரும்? வெறிநாய், குடிவெறி, கொலைவெறி. கண் சிவந்து, கையில் கட்டையோடு ஒருவன் நிற்க வேண்டும். அப்படி யாரையும் காணோமே என்றால், இனவெறியும் இல்லை என்று மனம் சொல்லிவிடுகிறது. ஆனால் இந்த விஷயத்தில் பெரும்பகுதி வேலை நடப்பது மின்விசிறிக்குக் கீழே, டீ குடித்துக்கொண்டே, படிவம் நிரப்பும்போது. எனக்கு அது தெரியும். அந்தப் படிவத்தை நிரப்பியவன் நான்.

நான் பிறந்தது தாராவி, 90 அடி ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்து. தாத்தா காலத்தில் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த குடும்பம். 2000களின் தொடக்கத்தில் ஒரு தனியார் வங்கிக்குக் கடன் விண்ணப்பங்களைச் சரிபார்க்கும் வேலை பார்த்தேன். எஃப்ஐ என்போம். விண்ணப்பித்தவர் வீட்டுக்கும் கடைக்கும் நேரில் போய், முகவரியைச் சரிபார்த்து, ரிப்போர்ட் எழுத வேண்டும். வீட்டைக் கண்டுபிடிக்க எளிதா கடினமா, வாசல் வரை கார் போகுமா, சுவர் என்ன, கூரை என்ன, அக்கம்பக்கம் எப்படி என்றெல்லாம் கட்டங்கள் இருக்கும். எல்லாவற்றுக்கும் கீழே ஒரு கட்டம்: 'நெகடிவ் ஏரியாவா? ஆம் / இல்லை.' அதற்கு ஒரு பட்டியல் தலைமை அலுவலகத்திலிருந்து வரும். சந்துப் பெயர்களும் பின்கோடுகளும் மட்டுமே இருக்கும். 400017 அதில் கிட்டத்தட்ட முழுசாகவே இருந்தது. அதுதான் தாராவி.

2004 என்று நினைவு. தோல் பெல்ட், பை தைக்கிற ஒரு பெரியவரின் பட்டறைக்குப் போனேன். பதினொரு பேர் வேலை செய்கிற இடம். புதுத் தையல் மெஷின்களுக்கு மூன்று லட்சம் கடன் கேட்டிருந்தார். வருமான வரி ரசீது, பாஸ்புக், ஏற்றுமதி செய்பவர்கள் கொடுத்த ஆர்டர் தாள் எல்லாம் ஒரு மஞ்சள் பையில் தயாராக இருந்தது. என்னைப் பார்த்ததும், "ஏல, நீ மூணாஞ் சந்து வாத்தியார் பேரன்லா?" என்றார். கண்ணாடி டம்ளரில் டீ வந்தது. "குடிச்சிட்டு எழுதுடே, தாளு எங்க போவப் போவுது" என்றார். குடித்தேன். எழுதினேன். மற்ற கட்டங்கள் எல்லாம் அவருக்குச் சாதகம். கடைசிக் கட்டத்தில் 'ஆம்' என்று டிக் போட்டேன்.

எனக்கு அவர் மேல் வெறுப்பா? மேனேஜரும் நல்ல மனிதர், கேட்டதற்கு எரிந்து விழாமல் விளக்கினார். அந்தப் பகுதியில் கொடுத்த கடன் குறைவு, அதனால் திருப்பிக் கட்டியதற்கான பதிவும் குறைவு, பதிவு இல்லாத இடத்தில் கடன் கொடுப்பது அபாயம் என்றார். கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும், பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம் ஆகும் என்று நம் ஊரில் சொல்வார்களே, அதே கதை. பெரியவர் வெளியே மாதம் மூன்று வட்டிக்கு வாங்கினார். மூன்று லட்சத்துக்கு வருஷ வட்டி 1,08,000 ரூபாய். எங்கள் வங்கி கொடுத்திருந்தால் 15 சதவீதம், 45,000. மீதி 63,000 ரூபாயை அவர் அந்த வருஷம் கட்டியது அவருடைய பின்கோடுக்காக.

இப்போது அமெரிக்காவுக்கு வருவோம். அங்கே இதே வேலை அரசாங்கச் செலவில், வண்ண வரைபடத்தோடு நடந்தது.

1933இல், பொருளாதாரப் பெருமந்தத்தின்போது, வீட்டுக் கடனில் மூழ்கியவர்களைக் காப்பாற்ற ஒரு அரசு நிறுவனம் தொடங்கினார்கள். அது 200க்கும் மேற்பட்ட நகரங்களுக்கு வரைபடம் போட்டது. பச்சை என்றால் முதல்தரம், நீலம் அடுத்தது, மஞ்சள் இறங்குமுகம், சிவப்பு என்றால் ஆபத்து. கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதிகள் கிட்டத்தட்ட எல்லாம் சிவப்பு. இந்த வரைபடங்கள் மேலேயே எல்லாப் பழியையும் போடுவது வழக்கம். என் கணிப்பில் அதைவிடப் பெரிய வேலையைச் செய்தது 1934இல் வந்த மத்திய வீட்டுவசதி நிர்வாகம். தனியார் வங்கிகள் கொடுக்கும் வீட்டுக் கடனுக்கு அது காப்பீடு கொடுத்தது. அந்தக் காப்பீடு இருந்தால்தான் சாதாரண ஆளுக்குக் குறைந்த முன்பணத்தில் வீடு. ஒத்துப்போகாத இனத்தவர் கலந்து வாழும் இடங்கள் அபாயம் என்று அதன் கையேட்டிலேயே எழுதியிருந்தது.

விளைவை ஒரு சுவரில் பார்க்கலாம். டெட்ராய்ட் நகரத்தில், கறுப்பினத்தவர் குடியிருப்பை ஒட்டி வெள்ளையருக்கு வீடு கட்ட ஒருவர் திட்டம் போட்டார். பக்கத்தில் அவர்கள் இருப்பதால் காப்பீடு கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். அவர் 1941இல் இரண்டுக்கும் நடுவே ஆறு அடி உயரத்தில், சுமார் அரை மைல் நீளத்துக்கு ஒரு சுவர் எழுப்பினார். கடனுக்கு ஒப்புதல் கிடைத்துவிட்டது. அந்தச் சுவர் இன்றும் நிற்கிறது. நமக்கு இது புதிதல்ல. மதுரை மாவட்டம் உத்தப்புரத்தில் 1989இல் எழுந்த சுவர், 2008இல்தான் ஒரு பகுதி இடிக்கப்பட்டது. மேட்டுப்பாளையம் நடூரில் 2019 டிசம்பரில் சுவர் விழுந்து 17 பேர் இறந்தார்கள். வித்தியாசம் இவ்வளவுதான்: நம் சுவர்களை எழுப்பியது சாதி, டெட்ராய்ட் சுவரை எழுப்ப வைத்தது ஒரு விண்ணப்பப் படிவம். அந்தச் சுவரைக் கட்டியவருக்குக் கறுப்பினத்தவரைப் பிடிக்குமா பிடிக்காதா என்பது அதில் ஒரு பொருட்டே இல்லை.

சட்டத்தில் நிறம் என்ற சொல்லே இல்லாமலும் இது நடக்கும். 1935இல் முதியோர் ஓய்வூதியச் சட்டம் வந்தபோது விவசாயக் கூலிகளையும் வீட்டு வேலை செய்பவர்களையும் விட்டுவிட்டார்கள். தென்மாநிலங்களில் அந்த இரண்டு வேலையையும் பெரும்பாலும் செய்தவர்கள் கறுப்பினத்தவர்கள். 1944இல் போரிலிருந்து திரும்பிய வீரர்களுக்குக் கல்வி, வீட்டுக் கடன் எல்லாம் கொடுக்கும் சட்டம் வந்தது. தாளில் எல்லா வீரரும் சமம். ஆனால் கடனைக் கொடுப்பது உள்ளூர் வங்கி. மிசிசிப்பி மாநிலத்தின் 13 நகரங்களில் 1947இல் அந்தத் திட்டத்தின் கீழ் கொடுத்த 3,229 கடன்களில் கறுப்பின வீரர்களுக்குக் கிடைத்தவை 2. இருநூறு இல்லை, இரண்டு.

"அதெல்லாம் 1968லேயே சட்டம் போட்டுத் தடுத்தாயிற்றே" என்பீர்கள். ஆமாம், அந்த வருஷம் வீட்டுவசதியில் பாகுபாடு சட்டவிரோதமானது. ஆனால் வீடு என்பது நடுத்தரக் குடும்பத்தின் சொத்து மொத்தமும். 1940களில் வாங்கிய வீடு 1970களில் மகன் படிப்புக்கு அடமானம் ஆகும், 2000களில் பேரன் வீட்டுக்கு முன்பணம் ஆகும். அங்கே பள்ளிக்கூடங்களுக்கான பணத்தில் பெரும் பங்கு அந்தந்த வட்டாரத்துச் சொத்து வரியிலிருந்து வருகிறது. வீட்டு விலை குறைந்த இடத்தில் பள்ளிக்கும் பணம் குறைவு. 2022இல் அமெரிக்க மத்திய வங்கி எடுத்த கணக்கில், வெள்ளையர் குடும்பத்தின் இடைநிலைச் சொத்து மதிப்பு (வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்கும் குடும்பத்துடையது) 2,85,000 டாலர், கறுப்பினக் குடும்பத்துக்கு 44,900 டாலர். இன்றைக்கு எல்லா வெள்ளையரும் புத்தராக மாறினாலும் நாளைக் காலையில் இந்தக் கணக்கு மாறாது.

சரி, வேர் எங்கே? நிறத்தின் மேல் வெறுப்பு முதலில் வந்தது, அப்புறம் அடிமைப்படுத்தினார்கள் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அன்று அமெரிக்காவில் ஆங்கிலேயக் காலனியாக இருந்த வர்ஜீனியாவின் பழைய சட்டங்களை வரிசையாகப் பார்த்தால் கதை வேறு மாதிரி போகிறது. 1619இல் முதல் ஆப்பிரிக்கர்கள், இருபது பேர் போல, அங்கே கொண்டுவரப்பட்டார்கள். அப்போது ஐரோப்பாவிலிருந்து வந்த ஒப்பந்தக் கூலிகளும் அதே புகையிலைத் தோட்டங்களில் இருந்தார்கள். 1640இல் மூன்று வேலையாட்கள் ஒன்றாகத் தப்பி ஓடிப் பிடிபட்டார்கள். ஐரோப்பியர் இருவருக்கு நான்கு வருஷம் கூடுதல் வேலை. ஜான் பஞ்ச் என்ற கறுப்பினத்தவருக்கு ஆயுள் முழுக்க. குற்றம் ஒன்றேதான்.

1662இல் இன்னொரு சட்டம். ஆங்கிலேய வழக்கப்படி பிள்ளையின் நிலை தகப்பனைப் பொறுத்தது. இங்கே அதைத் தாயின் நிலை என்று மாற்றினார்கள். பசு யாருடையதோ கன்றும் அவருடையது என்ற கணக்கு. அடிமைப் பெண்ணிடம் எஜமானனுக்குப் பிறந்த பிள்ளையும் எஜமானனின் சொத்து. ஒரே வரியில் வன்முறையையும் லாபத்தையும் சேர்த்து முடிச்சுப் போட்டுவிட்டார்கள். 1676இல் பேக்கன் என்பவர் தலைமையில் ஏழை வெள்ளையரும் கறுப்பினத்தவரும் சேர்ந்து தலைநகரையே கொளுத்தினார்கள். தோட்ட முதலாளிகளுக்கு வயிற்றைக் கலக்கியது அந்தச் 'சேர்ந்து' என்பதுதான். 1705 சட்டத் தொகுப்பில் அதன் தடம் தெரிகிறது: ஒப்பந்தம் முடிந்த வெள்ளைக் கூலிக்குத் தானியம், கொஞ்சம் பணம், ஒரு துப்பாக்கி தர வேண்டும். அடிமைகள் வளர்த்த மாடு, குதிரை, பன்றிகளைப் பறித்து விற்று, அந்தப் பணத்தை ஊர் ஏழைகளுக்குக் கொடுக்க வேண்டும். ஒரே வரப்பில் நின்ற இரண்டு ஏழைகளுக்கு நடுவே சட்டம் வேலி போட்ட இடம் அது. நீ ஏழைதான், ஆனாலும் அவனைவிட மேல் என்று சொல்ல ஒரு நிறம் தேவைப்பட்டது. மண்டை ஓட்டை அளந்து 'அறிவியல்' பேசியது எல்லாம் நூறு வருஷத்துக்குப் பின்னால்.

அந்த அளவுகோல் நம்மிடமும் வந்தது. ரிஸ்லி என்ற அதிகாரி இங்கே மூக்கை அளந்தார். 1901 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அவர் பொறுப்பில் நடந்தபோது சாதிகளை மேல் கீழாக அடுக்கவும் செய்தார். 1871இல் வந்த குற்றப் பரம்பரைச் சட்டத்தை நாம் கைரேகைச் சட்டம் என்போம். பட்டியலில் உள்ள சமூகத்தில் பிறந்தாலே குற்றவாளி. அதை எதிர்த்துத்தான் 1920இல் பெருங்காமநல்லூரில் பிரமலைக் கள்ளர்கள் குண்டடிபட்டுச் செத்தார்கள். சட்டம் 1952இல் போனது. அப்படிப் பட்டியலில் இருந்த சமூகத்துப் பையன் என்றால் ஸ்டேஷனில் முதலில் விசாரிக்கும் பழக்கம் போய்விட்டதா என்று நீங்களே யாரையாவது கேட்டுப் பாருங்கள்.

இந்தக் கதையில் நம்மவர் ஒருவரும் வருகிறார். அமெரிக்கக் குடியுரிமை 'சுதந்திரமான வெள்ளையருக்கு' என்று 1790இலேயே சட்டம். 1922இல் ஒசாவா என்ற ஜப்பானியர், என் தோல் வெள்ளைதானே என்று உச்ச நீதிமன்றம் போனார். தோல் நிறம் கணக்கில்லை, அன்றைய இன ஆராய்ச்சியாளர்கள் 'காக்கேசியர்' என்று வகுத்த இனமாக இருக்க வேண்டும் என்றார்கள். அடுத்த வருஷம் பகத் சிங் திண்ட் என்ற பஞ்சாபிக்காரர், நான் ஆரியன், உயர்சாதி, ஆராய்ச்சியாளர்கள் கணக்குப்படி காக்கேசியன் என்று போனார். ஆராய்ச்சியாளர் சொல்வது கணக்கில்லை, சாதாரண மனிதன் பார்வையில் நீ வெள்ளையன் இல்லை என்றார்கள். மூன்றே மாத இடைவெளியில், அதே நீதிபதி எழுதிய இரண்டு தீர்ப்புகள். திண்ட் கதையில் என்னை உறுத்துவது தீர்ப்பு மட்டும் இல்லை. எல்லோரும் சமம் என்று அவர் வாதாடவில்லை. நான் உயர்சாதி, என்னை மேலே சேர்த்துக்கொள்ளுங்கள் என்றுதான் வாதாடினார்.

அதனால்தான் 'இது அமெரிக்கப் பிரச்சினை' என்று நாம் ஒதுங்க முடியாது. மும்பைக்கு அந்தக் கதையில் நேரடிப் பங்கே உண்டு. 1861இல் அங்கே உள்நாட்டுப் போர் வந்து, அடிமைகள் விளைவித்த பருத்தி இங்கிலாந்து ஆலைகளுக்குப் போவது நின்றது. அந்த இடைவெளியில் பம்பாய்ப் பருத்தி பொன்னானது. 1865இல் போர் முடிந்ததும் சந்தை கவிழ்ந்தது. கோட்டைப் பகுதியில் ராஜாபாய் கோபுரத்தைப் பார்த்திருப்பீர்கள். அதற்குப் பணம் கொடுத்த பிரேம்சந்த் ராய்சந்த் அந்தப் பருத்திக் காலத்தில் கொழித்தவர், சரிவில் விழுந்தவர்.

சாதியும் இனமும் ஒன்றா என்று அடுத்துக் கேட்பீர்கள். ஒன்றில்லை. கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்த அம்பேத்கரே சாதிக்கு இன அடிப்படை கிடையாது என்று அடித்துச் சொன்னார். பஞ்சாப் பிராமணரும் பஞ்சாபில் ஒடுக்கப்பட்டவரும் ஒரே இனம், சென்னை மாகாணத்திலும் அப்படியே என்பது அவர் வாதம். ஆனாலும் 1946இல் அவரே அமெரிக்கக் கறுப்பின அறிஞர் டபிள்யூ. இ. பி. டுபோய்ஸுக்குக் கடிதம் எழுதி, கறுப்பின மக்கள் ஐநாவுக்குக் கொடுத்த மனுவின் நகலைக் கேட்டார். 1972இல் இதே பம்பாயில் தலித் பேந்தர்ஸ் அமைப்பைத் தொடங்கிய இளைஞர்கள் பெயரையே அமெரிக்காவின் 'பிளாக் பேந்தர்' கட்சியிலிருந்து எடுத்தார்கள். நோய் வேறு, ஆனால் பரவும் விதம் ஒன்று என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. 2001இல் டர்பனில் நடந்த ஐநாவின் இனவெறி எதிர்ப்பு மாநாட்டில் சாதியைப் பேசக் கூடாது என்று இந்திய அரசு நின்றது. இனம் வேறு, சாதி வேறு என்ற உண்மையை வைத்தே விவாதத்துக்குக் கதவடைத்தார்கள்.

நல்லெண்ணமும் இந்த இயந்திரத்தில் எண்ணெயாக வேலை செய்யும். மகாராஷ்டிராவில் லாட்-பாகே கமிட்டி பரிந்துரைப்படி, துப்புரவுப் பணியாளர் ஓய்வு பெற்றாலோ இறந்தாலோ வாரிசுக்கு அதே வேலை. கருணையான விதி. அதை எடுத்துவிட்டால் அந்தக் குடும்பங்கள் நடுத்தெருவுக்கு வரும். தாராவி லேபர் கேம்ப் பக்கம் எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் பட்டப்படிப்பு முடித்த பெண் அப்பாவின் வேலையை வாங்கிக்கொண்டாள். சம்பளம் நிரந்தரம், குவார்ட்டர்ஸ் கைவிட்டுப் போகாது, வேறு என்ன செய்வாள்? துடைப்பம் மூன்றாம் தலைமுறையாக அதே வீட்டில். இதில் யாரைக் குற்றம் சொல்வீர்கள்?

வீடும் அப்படியே. தண்டவாளத்துக்குக் கிழக்கே மாட்டுங்கா, மேற்கே தாராவி. இரண்டிலும் தமிழ்தான். 1896 பிளேக்குக்குப் பிறகு அமைத்த நகர மேம்பாட்டு டிரஸ்ட் கிழக்கே அகலமான தெருவும் பூங்காவுமாக மனை போட்டது. படித்து, அலுவலக வேலைக்கு வந்த தமிழர்கள், பெரும்பாலும் பிராமணக் குடும்பங்கள், அங்கே போனார்கள். ஊருக்கு நாற்றம் கூடாது என்று தோல் பதனிடும் தொழில் தள்ளப்பட்ட சதுப்பு நிலம் மேற்கே. தோலைத் தொட முன்வந்த நெல்லைக்காரர்கள் இங்கே வந்தார்கள். இன்றைக்கு ஒரு சொசைட்டியில் 'வெஜ் மட்டும்' என்று புரோக்கர் சொன்னால் கேட்க சட்டம் கைகொடுக்காது. அரசியல் சாசனத்தின் 15ஆம் பிரிவு முக்கியமாகக் கட்டுப்படுத்துவது அரசை. பார்சிகளுக்கு மட்டுமே இடம் என்று அகமதாபாத் கூட்டுறவு வீட்டுச் சங்கம் ஒன்று வைத்த விதியை 2005இல் உச்ச நீதிமன்றம் ஏற்றது.

மும்பைத் தமிழர்களிடம் பாகுபாடு பற்றிக் கேட்டால் உடனே 1966க்குப் பிறகு நடந்ததைச் சொல்வார்கள். சிவசேனை, 'மதராஸி', லுங்கியைக் கேலி செய்த கோஷம், ஹோட்டல் கண்ணாடி உடைந்தது. என் அம்மாவும் சொல்வார். அதில் வெறி இருந்தது, சத்தம் இருந்தது, அதனால் நினைவிருக்கிறது. எந்தப் பாட்டியும் பேத்திக்குப் பின்கோடு கதை சொல்வதில்லை.

ஒன்றையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும். எல்லா ஏற்றத்தாழ்வையும் இந்தச் சொல்லால் விளக்குபவர்கள் இருக்கிறார்கள், அவர்களோடு எனக்கு ஒத்துவராது. அப்பலாச்சியா மலைப்பகுதியில் வெள்ளையரும் தலைமுறை தலைமுறையாக ஏழைகள். அமெரிக்காவில் இந்தியர்கள் நன்றாகச் சம்பாதிக்கிறார்கள், ஆனால் 1965க்குப் பின் படித்தவர்களாகப் பொறுக்கி எடுத்து உள்ளே விட்டார்கள் என்பதும் அதில் உண்டு. ஒவ்வொன்றிலும் எந்த விதி, எந்தக் கட்டம், யாருக்கு எவ்வளவு என்று காட்ட வேண்டும். காட்ட முடிந்த இடத்தில் திருத்தவும் முடிகிறது. சிறுநீரகம் எவ்வளவு வேலை செய்கிறது என்று கணக்கிடும் சூத்திரத்தில், நோயாளி கறுப்பினத்தவர் என்றால் அளவை ஏறத்தாழ 16 சதவீதம் கூட்டிக் காட்டும் ஒரு பெருக்கல் எண் இருந்தது. அதனால் அவர்கள் மாற்றுச் சிறுநீரகப் பட்டியலுக்குத் தாமதமாகவே வந்தார்கள். அதைப் பயன்படுத்திய டாக்டர்களில் கறுப்பின டாக்டர்களும் உண்டு. 2021இல் அந்த எண்ணை நீக்கினார்கள். வங்கிகள் எந்தப் பகுதியில் எவ்வளவு வீட்டுக் கடன் கொடுத்தன என்று வெளியிட வேண்டும் என்று அங்கே 1975லேயே சட்டம் வந்தது. அந்தக் கணக்கை வைத்துத்தான் இன்றும் வழக்குப் போடுகிறார்கள். எங்கள் நெகடிவ் பட்டியலை வாடிக்கையாளர் யாரும் கண்ணால் பார்த்ததில்லை. பெரியவருக்கு வந்த கடிதத்தில் 'உள் விதிமுறைகளின்படி' என்று மட்டும் இருந்தது.

அவரைப் போன வருஷம் சயான் ஸ்டேஷன் பக்கம் பார்த்தேன். பட்டறை இப்போது மகன் கையில். மகன் போனிலேயே ஒரு ஆப்பில் கடன் கேட்டானாம். பெயர், பான் எண், முகவரி எல்லாம் போட்டு, பின்கோடு அடித்தவுடன், உங்கள் பகுதியில் தற்போது இந்தச் சேவை இல்லை என்று வந்துவிட்டதாம். யாரும் நேரில் வரவில்லை, எதையும் பார்க்கவில்லை. பெரியவர் என் தோளில் கை வைத்துக்கொண்டு கேட்டார்: "முன்ன நீ எழுதுன. இப்பம் யாருடே எழுதுதா?"